இரு ஒளியும் ஒரு நிறமும்

திருமண ஒளிப்படத் தொகுப்பைப் புரட்டிப் பார்ப்போர் பலரும் அதில் ஒரு குறையை உணர்வர். ஆயின் அக்குறைக்குப் பெயர் சொல்ல அவர்களால் இயல்வதில்லை. மாலை வரவேற்பின்போது மண்டபம் முழுவதும் பொன்னொளி பரவியிருந்தது. மேடையின்மேல் தொங்கிய சரவிளக்குகளும் சுவரோர விளக்குகளும் இதமான மஞ்சள் ஒளியைச் சொரிந்தன. வந்திருந்தோர் அனைவரும் அதைக் கண்டு மகிழ்ந்தனர். படத்திலோ, மணமக்களின் முகங்கள் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளிறி, ஓரங்களில் நீலம் பாய்ந்து தோன்றுகின்றன. அவர்களுக்குப் பின்னாலுள்ள மண்டபம் துருவேறிய இரும்பின் செம்மஞ்சளில் மூழ்கிக் கிடக்கிறது. நீலம் பாய்ந்த முகம் நம் வழக்கில் நஞ்சுண்டவர்க்கும் உயிர் நீங்கியவர்க்கும் உரியதாகும். மங்கல நாளில் எடுத்த படத்தில் அது வந்து அமர்வதை எவரும் விரும்பார்.

இதற்குப் படம் எடுத்தவரின் கவனக்குறைவையோ கருவியின் பழுதையோ காரணம் காட்டுவோர் உளர். உண்மைக் காரணம் வேறு. ஒரே படத்திற்குள் இரண்டு வேறு நிறங்களையுடைய ஒளிகள் நுழைந்துவிட்டன. மண்டபத்து விளக்கின் ஒளி ஒன்று; கேமராவின்மேல் பொருத்திய ஃபிளாஷ் விளக்கின் ஒளி மற்றொன்று. பேரனை மடியில் வைத்துப் பாட்டியார் சிரித்த அந்தக் கணம் மீண்டும் வாராது. ஆகவே பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்றிராமல், எடுக்கும்போதே இவ்விரு ஒளிகளையும் ஒரே நிறமாக்கிவிடுவது நன்று. உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு வண்ணத்தாள் அதற்குப் போதும். அத்தாள் என்ன செய்கிறது, எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பனவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

கண்ணும் கருவியும்

ஒரு வெள்ளைத் தாளை நண்பகல் வெயிலில் பிடித்துப் பார்த்தாலும், இரவில் குண்டு விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்த்தாலும் நமக்கு அது வெள்ளையாகவே தெரிகிறது. உண்மையில் அத்தாளிலிருந்து கண்ணை அடையும் ஒளி இவ்விரு நிலைகளிலும் பெரிதும் வேறுபட்டது. குண்டு விளக்கின் ஒளியில் சிவப்பு மிகுதி. நீலம் மிகக் குறைவு. கண்ணோ, சூழ்ந்துள்ள ஒளிக்கு ஏற்பத் தன் உணர்திறனை மாற்றிக்கொள்கிறது. சிவப்பு மிகுந்தால் சிவப்பை உணரும் திறனைக் குறைத்தும், நீலம் குறைந்தால் நீலத்தை உணரும் திறனை உயர்த்தியும் அது ஈடுசெய்கிறது. செர்மானிய உடலியல் அறிஞர் யோகான்னஸ் வான் கிரீஸ் 1902இல் இவ்வியல்பை ஒரு கணிதக் கருதுகோளாகவே வகுத்துரைத்தார். இன்றைய எண்மக் கேமராக்களில் உள்ள வெண்மைச் சமநிலை என்னும் ஏற்பாடு, சாரத்தில், அக்கருதுகோளின் எந்திர வடிவமேயாகும்.

கேமராவுக்கு இந்த ஏற்பாடு உண்டெனினும், ஒரு படத்திற்கு ஓர் ஈடு மட்டுமே அதனால் செய்ய இயலும். படத்தின் ஒரு பாதிக்கு ஓர் ஈடும் மறுபாதிக்கு வேறோர் ஈடும் அது செய்வதில்லை. சிக்கல் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் முளைக்கிறது.

கண்ணே இரு ஒளிகளுக்கு இடையில் அகப்பட்டுத் தடுமாறும் தருணமும் ஒன்றுண்டு. அந்தி நேரத்தில், சன்னல் ஒளி இன்னும் மங்காதிருக்கையில், மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வெள்ளைத் தாளின்மேல் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். இரண்டு நிழல்கள் விழும். மெழுகுவர்த்தியின் நிழல் நீலமாகவும் சன்னலின் நிழல் மஞ்சளாகவும் தோன்றும். 1810இல் வெளிவந்த தம் வண்ணவியல் நூலில் கவிஞர் கேத்தே இந்த நிறநிழல்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மெழுகுவர்த்தியை மறைத்த இடத்தில் சன்னலொளி மட்டும் விழுகிறது. சன்னலை மறைத்த இடத்தில் மெழுகுவர்த்தியொளி மட்டும் விழுகிறது. திருமணப் படத்தில் நிகழ்வதும் இதுவே. ஃபிளாஷ் எட்டாத நிழல்களிலும் பின்புலத்திலும் மண்டபத்து மஞ்சள் மட்டும் நிற்கிறது. ஃபிளாஷ் பட்ட முகங்களில் வெண்ணீலம் நிற்கிறது.

நிறத்தின் வெப்பநிலை

ஒளியின் நிறத்தை அளக்க ஒளிப்படக் கலைஞர் கெல்வின் என்னும் வெப்பநிலை அலகைக் கையாளுகின்றனர். கொல்லன் உலையைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். இரும்பு காயும்போது முதலில் கருஞ்சிவப்பாகவும், பின் செம்மஞ்சளாகவும், மேலும் காயக் காய மஞ்சளாகவும் வெண்மையாகவும் மாறுகிறது. இன்னும் மிகுதியாகக் காய்ச்ச வல்லமாயின் அவ்வொளி நீலச்சாயல் பெறும். ஒரு விளக்கின் ஒளி எத்தனை கெல்வின் வெப்பத்தில் காய்ந்த பொருளின் ஒளியை ஒத்துள்ளதோ, அதுவே அவ்விளக்கின் நிற வெப்பநிலை.

இங்கு ஒரு வேடிக்கை உண்டு. நாம் இதமான ஒளி, வெதுவெதுப்பான ஒளி என்று சொல்லும் மஞ்சள் ஒளிக்கு வெப்பநிலை குறைவு. குளிர்ந்த ஒளி என்று சொல்லும் நீல வெள்ளைக்கு வெப்பநிலை மிகுதி. நெருப்பையும் நீரையும் எண்ணி மக்கள் இட்ட பெயர் ஒன்று. உலையை எண்ணி அறிவியலார் இட்ட அளவு மற்றொன்று. புதிதாகக் கற்போர் பலர் இவ்விடத்தில் இடறுவதுண்டு.

அகல்விளக்கு, மெழுகுவர்த்தி ஆகியவற்றின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். டங்ஸ்டன் இழையுள்ள குண்டு விளக்கு 2700 முதல் 2850 வரை. ஹாலஜன் விளக்கு 3000 முதல் 3200 வரை. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500. மேகம் மூடிய வானம் 6500. வெயில் படாத நிழலிலோ அதனினும் மேல். ஃபிளாஷ் விளக்கு செனான் வளி நிரம்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி ஒளி பெறுவது. நண்பகல் வெயிலை ஒத்து, 5500 முதல் 6000 வரையுள்ள ஒளியை அது தருமாறு செய்திருக்கிறார்கள். வெளியில் எடுக்கும் படங்களில் நிழலை நிரப்ப அது மிகப் பொருத்தம். மஞ்சள் விளக்கு எரியும் கூடத்திற்குள்ளோ அது நண்பகலின் ஒரு துண்டை வெட்டி வந்து இரவின் நடுவே ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது.

இந்நிலையில் கேமராவை எப்படி அமைத்தாலும் ஒரு தீங்கு நேரும். ஃபிளாஷுக்கு ஏற்ப 5500இல் வைத்தால் முகம் சரியாக வரும், மண்டபம் செம்மஞ்சளாகும். மண்டபத்திற்கு ஏற்ப 2800இல் வைத்தால் மண்டபம் சரியாக வரும், முகம் நீலமாகும். கருவியே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டால் இரண்டுக்கும் இடையில் எங்கோ நின்று இரண்டையும் ஓரளவு கெடுக்கும்.

படச்சுருள் காலத்திலும் நிலைமை இதுவே. நிறம் பார்த்து அச்சிடும் நிலையத்தில் இருந்தவர் படம் முழுவதற்கும் சேர்த்துத்தான் நீலத்தையோ மஞ்சளையோ கூட்டிக் குறைத்தார். இன்று கணினியில் ரா கோப்பைத் திறந்து, முகத்தை மட்டும் வரைந்து தேர்ந்து, அதன் நிறத்தைத் தனியே மாற்றலாம் என்பது உண்மை. ஆயின் கூந்தலின் ஓரம், மெல்லிய முந்தானை, கன்னத்தின் நிழல் போன்றவற்றில் இரு ஒளிகளும் படிப்படியாகக் கலந்திருக்கும். எந்தப் புள்ளியில் எவ்வளவு கலந்தது என்பதைக் கணினி ஊகிக்கத்தான் முடியும். ஒரு படத்திற்கு அந்த உழைப்பைச் செலுத்தலாம். எண்ணூறு படங்களுக்கு யார் செலுத்துவர்?

வண்ணத்தாள்

ஆகவே தீர்வு வெளிப்படை. மண்டபத்து விளக்குகளை எல்லாம் நம்மால் மாற்ற இயலாது. ஃபிளாஷோ நம் கையில் இருக்கிறது. அதன்முன் செம்மஞ்சள் நிறமுள்ள ஒரு தாளை வைத்து, அதையும் மண்டபத்தின் நிறத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும். பின்னர் கேமராவை அந்நிறத்துக்கு ஏற்ப அமைத்தால், ஓர் ஈடே இரண்டுக்கும் பொருந்திவிடும். முகமும் மண்டபமும் ஒருசேர நேர்ப்படும்.

இத்தாளை ஜெல் என்பர். முற்காலத்தில் நாடக மேடை விளக்குகளின் முன் ஜெலட்டின் என்னும் பசைப்பொருளால் ஆன நிறத்தாள்களை வைத்தமையால் அப்பெயர் வந்தது. நம் ஊர் நாடகக் கொட்டகைகளிலும் ஜெலட்டின் பேப்பர் என்றே வழங்கியதைப் பலர் அறிவர். இன்று இவை வெப்பம் தாங்கும் பாலியெஸ்டர் போன்ற பொருள்களால் செய்யப்படுகின்றன. இங்கிலாந்தின் லீ, அமெரிக்காவின் ராஸ்கோ ஆகிய நிறுவனங்களின் தாள்கள் திரைப்படத் துறையில் பெரிதும் வழங்குகின்றன. பகலொளியை மஞ்சள் விளக்கொளியாக மாற்றும் தாளுக்குச் சி.டி.ஓ. என்று பெயர். முழு, அரை, கால், அரைக்கால் எனப் பல அளவுகளில் அது கிடைக்கும்.

இத்தாள் ஃபிளாஷுக்காகப் பிறந்ததன்று என்பதையும் குறிப்பிடலாம். விளக்கொளியில் படம் பிடிக்கும் திரைப்படக் கலைஞர், அறையின் சன்னல் வழியே வரும் பகலொளி நீலமாகப் பதிவதைத் தடுக்கச் சன்னல் கண்ணாடி முழுவதிலும் இத்தகைய செம்மஞ்சள் தாளை ஒட்டுவர். அகலமான சுருள்களாக இத்தாள் விற்கப்படுவதும் அதனாலேயே. ஃபிளாஷைச் சிறு சன்னலாக எண்ணிக்கொண்டால் இம்முறை முழுவதும் விளங்கிவிடும். பழைய ஒற்றைப் பயன்பாட்டு ஃபிளாஷ் பல்புகளின் கதையோ இதற்கு நேர்மாறானது. அவற்றின் இயல்பான ஒளி ஏறத்தாழ 3800 கெல்வின் அளவில் மஞ்சளாகவே இருந்தது. பகலொளிப் படச்சுருளோடு பொருந்துவதற்காக அவற்றின்மேல் நீல மெருகு பூசி விற்றனர்.

பரிசுப்பொருள் சுற்றும் மஞ்சள் கண்ணாடித் தாளைக் கத்தரித்து ஒட்டினால் ஆகாதா என்று வினவுவோர் உளர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆயின் நிறமாலையின் எந்தப் பகுதியை எவ்வளவு விடுகிறது என்று அத்தாளை எவரும் அளந்து செய்வதில்லை. ஒன்று பச்சையை மிகுதியாக விடும், மற்றொன்று சிவப்பை. முகத்தில் மஞ்சள் காமாலை கண்டதுபோன்ற சாயல் வந்தால் பின்னர் நீக்குவது அரிது. அளந்து செய்த தாளின் சிறு துண்டு விலையில் அதிகமுமன்று. ஆகவே சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவன்று.

மைரெட் கணக்கு

எந்த அளவுத் தாள் வேண்டும் என்பதைக் கண்டறியக் கெல்வினை நேரே கழித்தால் பயனில்லை. 6000 கெல்வினிலிருந்து 6200க்கு மாறினால் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. 3000இலிருந்து 3200க்கு மாறினால் நன்றாகவே தெரியும். வேறுபாடு இரண்டிலும் 200தான். இக்கோணலை நிமிர்த்த மைரெட் என்னும் அளவு உதவுகிறது. பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் வருவது மைரெட். மேற்கூறிய முதல் மாற்றம் 5 மைரெட் மட்டுமே. இரண்டாவது ஏறத்தாழ 21 மைரெட். கண்ணின் தீர்ப்போடு இது ஒத்துப்போகிறது. வண்ணத்தாளின் ஆற்றலையும் மைரெட்டில் குறித்தால், எந்த விளக்கின்முன் வைத்தாலும் கூட்டல் ஒன்றே போதும்.

எடுத்துக்காட்டாக, ஃபிளாஷ் 5500 கெல்வின் எனின் 182 மைரெட். மண்டபத்துக் குண்டு விளக்கு 2800 எனின் 357 மைரெட். இடையிலுள்ள வேறுபாடு 175. லீ நிறுவனத்தின் 204 என்னும் எண்ணுடைய முழுத் தாளின் ஆற்றல் 159. இதை ஃபிளாஷின் 182 உடன் கூட்டினால் 341. அதாவது ஏறத்தாழ 2930 கெல்வின். மண்டபத்தோடு 16 மைரெட் மட்டுமே வேறுபாடு. கண்ணை உறுத்தாத வேறுபாடு இது. 205 என்னும் அரைத் தாளின் ஆற்றல் 109. அதை வைத்தால் ஃபிளாஷ் ஏறத்தாழ 3440 கெல்வின் ஆகும். ஹாலஜன் விளக்குகளுக்கு அது ஓரளவு அணித்தாக வரும். 206 என்னும் கால் தாளின் ஆற்றல் 64. ஏறத்தாழ 4060 கெல்வினுக்கு அது கொண்டுவிடும்.

குத்துவிளக்கு ஏற்றும் காட்சியில் சுடரொளி முகத்தில் வீசும்போது முழுத் தாளும் போதாது. சுடரின் 1900 கெல்வின் என்பது 526 மைரெட். அங்கே முழுத் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 182, 159, 159 ஆகிய மூன்றும் சேர்ந்து 500 ஆகும். அதாவது 2000 கெல்வின். இவ்வளவு எளிதாகக் கூட்டிப் பார்க்க இயல்வதே மைரெட்டின் சிறப்பு.

தாள் ஒளியைக் குடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முழுத் தாள் ஏறத்தாழ பாதி ஒளியைத் தடுத்துவிடும். ஒளிப்பட வழக்கில் இது ஒரு ஸ்டாப் இழப்பு. ஐ.எஸ்.ஓ. 100இல் வழிகாட்டி எண் 40 உள்ள ஃபிளாஷ், தாள் வைத்தபின் ஏறத்தாழ 28 உள்ளதாகிவிடும். ஐந்து மீட்டரில் நிற்பவர்க்கு எஃப் 8 வைக்கலாம் என்றிருந்தது எஃப் 5.6 ஆகும். இதைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஐ.எஸ்.ஓ. 800இல், எஃப் 4இல், அதே ஐந்து மீட்டரில் நேரே அடித்தால், தாள் வைத்த அந்த ஃபிளாஷ் தன் முழு வலிமையில் பதினாறில் ஒரு பங்கைச் செலவிட்டாலே போதும். வில்லை வழியே அளக்கும் டி.டி.எல். முறை இவ்விழப்பைத் தானே ஈடுசெய்துகொள்ளும். கையால் அமைப்போர் மட்டும் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

களத்தில்

முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு மண்டபத்தை மட்டும் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. ஷட்டரை 1/200 நொடியில் வைத்துக்கொண்டு ஃபிளாஷின் வலிமையிலேயே எடுத்தால் மண்டபத்தின் ஒளி படத்தில் பதியவே பதியாது. முகங்களுக்குப் பின்னால் இருட்டுக் குகை நிற்கும். அத்தகைய படத்தில் இரு ஒளிச் சிக்கலே இல்லை. ஆகவே வண்ணத்தாளும் வேண்டுவதில்லை. மண்டபத்தின் ஒளியையும் படத்தில் வாழவிடுவோர்க்கே தாள் தேவைப்படுகிறது. நன்கு விளக்கேற்றிய கூடத்தில் ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 4, 1/30 நொடி என்பது ஒரு நல்ல தொடக்கம். 1/30இல் மண்டபம் முழு ஒளியுடன் வந்தால், 1/60 ஆக மாற்றிப் பின்புலத்தைச் சிறிது தாழ்த்துவது நலம். முகம் சற்றே முன்வந்து நிற்கும். மண்டபம் மங்கலாக இருப்பின் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தாளைப் பொருத்தியபின் வெண்மைச் சமநிலையைக் கையாலேயே அமைக்க வேண்டும். குண்டு விளக்குப் படம் போட்ட குறி, அல்லது 3000 முதல் 3200 வரையான எண் ஏற்றது. இதைத் தானியங்கி முறைக்கு விட்டுவிடுவது பெரும் பிழை. பல கேமராக்கள், மேலே ஃபிளாஷ் இருப்பதை அறிந்தவுடன், வெள்ளை ஒளி வரப்போகிறது என்று தாமே எண்ணி அதற்கேற்ப அமைந்துவிடும். முன்னால் தாள் இருப்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால் படம் முழுவதும் மஞ்சளாகிவிடும். தாள்மேல் பழி விழும். 2008இல் வந்த நிக்கான் எஸ்.பி. 900 போன்ற சில ஃபிளாஷ்கள் தமக்குரிய தாளை உணர்ந்து கேமராவுக்கு அறிவிக்க வல்லவை. அத்தகைய ஏற்பாடு எல்லாக் கருவியிலும் இல்லை.

விளக்குகளின் இனத்தை அறிவது இவையனைத்திலும் முதன்மையானது. டங்ஸ்டன் விளக்குகள் நம் இல்லங்களிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன. 2015இல் நடுவண் அரசு தொடங்கிய உஜாலா திட்டத்திற்குப் பின் எல்.இ.டி. விளக்குகள் மூலைமுடுக்கெல்லாம் பரவின. ஆகவே மஞ்சளாக எரிவது இன்று பெரும்பாலும் 2700 அல்லது 3000 கெல்வின் எனக் குறித்த எல்.இ.டி.யே. விளக்கின் அட்டைப் பெட்டியில் அவ்வெண் இருக்கும். மண்டப மின்பணியாளரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். சி.டி.ஓ. தாள் டங்ஸ்டன் ஒளியின் சீரான நிறமாலையைப் பின்பற்றி அமைந்தது. எல்.இ.டி.யின் நிறமாலை மேடுபள்ளமானது. கெல்வின் எண் பொருந்தினும் மெல்லிய பச்சையோ ஊதாவோ எஞ்சக்கூடும். அது சிறிதாயின் கணினியில் படம் முழுவதற்கும் சேர்த்து நீக்கலாம்.

வீட்டுக்கூடங்களில் நம்மவர் விரும்பிப் போடும் வெள்ளைக் குழல்விளக்கு ஏறத்தாழ 6500 கெல்வின். அதன் கீழே சி.டி.ஓ. தாளை வைத்தால் நோயில்லாதவர்க்கு மருந்து கொடுத்த கதையாகும். முகம் செம்மஞ்சளாகவும் சுவர் நீலமாகவும் வரும். பழைய பாதரச வளிக் குழல்விளக்குகளில் பச்சை மிகுதி என்பதால், அவற்றோடு பொருத்துவதற்கென்றே மென்பச்சைத் தாள்கள் தனியே உண்டு. தாளை எடுக்குமுன் மேலே நிமிர்ந்து பார்ப்பது முதற்கடமை.

மேடையருகே நிகழ்படம் எடுப்போர் பிடிக்கும் விளக்கையும் மறத்தலாகாது. முன்னர் அது ஹாலஜனாக இருந்ததால் மண்டபத்தோடு ஓரளவு இயைந்தது. இன்று பலகை வடிவ எல்.இ.டி. விளக்குகள் 5600 கெல்வினில் கண்கூசும் வெள்ளையைக் கொட்டுகின்றன. நாம் ஃபிளாஷுக்குத் தாள் கட்டிச் சீர்செய்ததை அது ஒரு நொடியில் குலைத்துவிடும். நிறத்தை மாற்றும் திருகு அவற்றில் பலவற்றில் உண்டு. நிகழ்ச்சி தொடங்குமுன் அந்நண்பரிடம் சென்று, இருவரும் 3200க்கு ஒத்துப்போவோம் என்று பேசிக்கொள்வது, எத்தனை வண்ணத்தாள் வாங்குவதினும் பயன் தரும்.

ஃபிளாஷைக் கூரைக்கோ சுவருக்கோ திருப்பி ஒளியைத் தெறிக்கவிடுவோர் சுவரின் நிறத்தையும் ஒரு வண்ணத்தாளாகவே கருத வேண்டும். வெளிர்மஞ்சள் சுவர் தானே சிறிது வெதுவெதுப்பைச் சேர்க்கும்; அங்கே முழுத் தாளுக்குப் பதில் அரைத் தாளே போதலாம். நம் பகுதியில் பலர் விரும்பிப் பூசும் இளம்பச்சைச் சுவரோ முகத்தில் பாசி படிந்ததுபோல் செய்துவிடும். அங்கே வெள்ளைக் கூரையைத் தேட வேண்டும்; இல்லையேல் ஒருவர் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்க வேண்டும். முழு வலிமையில் அடுத்தடுத்து அடித்தால் ஃபிளாஷின் முகப்போடு ஒட்டிய தாள் வெளிறும், சுருங்கவும் கூடும். மாற்றுத் துண்டு ஒன்று சட்டைப்பையில் இருப்பது நல்லது.

எவ்வளவு பொருத்துவது?

இதுவரை கூறியவற்றைக் கேட்டோர், இரு ஒளியையும் முற்றிலும் ஒன்றாக்கி, வெண்மைச் சமநிலையையும் மிகச் சரியாக வைத்துவிட்டால் படம் நிறைவுறும் என்று எண்ணலாம். அங்ஙனம் எடுத்த படத்தை ஒருமுறை பார்த்தல் வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். எந்த நிறமும் பிழையன்று. ஆயினும் அது மருத்துவமனைக் கூடத்தில் நடந்த திருமணம்போல் தோன்றும். அந்த மாலையின் பொன்னொளி எங்கோ போய்விட்டது.

இதன் காரணம் கண்ணிடமே உள்ளது. கண்ணின் ஈடு மஞ்சள் ஒளியில் முழுமையாக அமைவதில்லை. விளக்கொளியின் கீழே வெள்ளைத் தாளை வெள்ளை என்று நாம் அறிகிறோம். அதே வேளையில் அவ்வொளி மஞ்சள் என்பதையும் உணர்கிறோம். எனவே மஞ்சளை முற்றிலும் துடைத்த படம் அளவுக் கருவிக்கு உண்மையாகலாம். அங்கிருந்தவர் நினைவுக்கு உண்மையாகாது. எம் கருத்தில், விளக்கு 2800 ஆக இருக்கும்போது ஃபிளாஷை முழுத் தாளால் அதனோடு பொருத்திவிட்டுக் கேமராவை 3300, 3400 அளவில் வைப்பதே அழகு. முகமும் மண்டபமும் ஒரே ஒளியில் இருக்கும். அவ்வொளியும் சற்றே பொன்னாக இருக்கும். பட்டுச் சேலையின் அரக்கு நிறமும், நகையின் மஞ்சளும், நம் மக்களின் மாநிறமும் இந்த ஒளியில் செழிக்கின்றன. வெறும் ஃபிளாஷின் நீலம் மாநிற முகத்தைச் சாம்பல் பூத்ததாக்கிவிடுகிறது. பின்னர் அதைச் சரிசெய்கிறோம் என்று வெளுக்கவைத்து, பிறந்த நாள் முதல் அவர்க்கில்லாத ஒரு தோலை அவர்க்குப் போர்த்திவிடுகின்றனர். இது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

அரைத் தாளை மட்டும் வைத்து, முகத்தை நேராகவும் பின்புலத்தைச் சிறிது மஞ்சளாகவும் விடுவோரும் உளர். முகம் பின்புலத்திலிருந்து பிரிந்து தெரிவதற்கு அது உதவும் என்பர். பயிலத்தக்க முறையே, ஆயின் பின்புலம் முகத்திற்கு மிக அருகில் இருக்கும்போது இரு நிறங்களின் எல்லை தெரிந்துவிடுகிறது. தொலைவில் விளக்குகள் மின்னும் பெரிய மண்டபத்திற்கே அது பொருந்தும்.

விடியற்காலைத் திருமணங்களில் மற்றொரு கவனம் வேண்டும். ஐந்து மணிக்கு மண்டபத்தில் விளக்குகளே ஆட்சி செய்யும்; முழுத் தாள் அங்கே சரியானது. ஆறரை மணிக்கெல்லாம் வாயில் வழியே பகலொளி நுழைந்து விருந்தினர் வரிசையின் ஒரு பக்கத்தை நீலமாக்கத் தொடங்கும். வாயிலுக்குத் தாள் ஒட்ட நம்மால் இயலாது. அந்நேரத்தில் முழுத் தாளைக் கழற்றி அரைத் தாளை வைத்து, கேமராவை நாலாயிரத்துக்கு அணுக்கமாக உயர்த்த வேண்டும். வெயில் கூடத்துக்குள் இறங்கியபின் எந்தத் தாளும் வேண்டாம். ஃபிளாஷின் இயல்பான நிறமே பகலின் நிறம். எப்போது மாற்றுவது என்பதை அறியக் கடிகாரம் உதவாது. மேகம் உள்ள நாளும் இல்லாத நாளும் வேறு வேறு. மாப்பிள்ளையின் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டைப் பார்த்தால் போதும். அதன் மடிப்பில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் தெரியத் தொடங்குகையில் சட்டைப்பையிலுள்ள அரைத் தாளை எடுத்துக்கொள்ளலாம்.